மாத்திரை டப்பா: எட்டு மாதம் கழித்து ஒரு விமர்சனம்

டப்பா வந்த அன்றே ஐந்து நட்சத்திரம் போட்டவன் நான். அடுத்த வாரமே அத்தைக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கச் சொல்லி மாமாவைத் தொந்தரவு செய்தேன். இப்போது அந்த ஐந்தை மூன்றாகக் குறைக்கிறேன். குறைந்த இரண்டில் ஒன்று டப்பாவின் குறை, இன்னொன்று என் அவசரம்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுவதற்குமான மாத்திரைகளைப் பிரித்துப் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் டப்பா. ஒரு நாளைக்கு நான்கு அறை, ஏழு நாளைக்கு 28. ஒவ்வொரு நாளின் வரிசையையும் தனியாக உருவி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியூர் போகலாம். இணையத்தில் 389 ரூபாய்க்கு இரண்டு வாங்கினேன், அம்மாவுக்கு நீலம், அப்பாவுக்குப் பச்சை. கம்பெனி பெயர் வேண்டாம், இதே மாதிரி டப்பா பத்துப் பெயரில் விற்கிறது, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கிறது.

மூடி நன்றாக மூடுகிறது, அளவுக்கு மீறி நன்றாக. அப்பாவுக்கு விரல் நடுக்கம் உண்டு, நகத்தைக் கொடுத்து நெம்பும்போது மூடி படக்கென்று திறந்து மாத்திரை எகிறிக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அப்புறம் எழுத்து. நாட்களுக்கு ஆங்கில முதலெழுத்து மட்டும் போட்டிருக்கிறான், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஒரே டி, சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே எஸ். முதல் வாரமே அப்பா செவ்வாயன்று வியாழக்கிழமையைத் தின்றுவிட்டார். வெள்ளை டேப் ஒட்டி ஞா, தி, செ, பு என்று நானே எழுதினேன். இரண்டு மாதத்தில் கை வியர்வையில் அழியும், மறுபடி எழுத வேண்டும். இதெல்லாம் சின்ன விஷயம்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவுக்குப் பத்து வருஷமாகத் தைராய்டு. லெவோதைராக்ஸின் 75 மைக்ரோகிராம். நூறு மாத்திரை பாட்டிலில் வரும், அதைக் கோலப்பொடி டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். விடியற்காலை எழுந்ததும் ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பால் வந்து காய்ச்சி, காபி குடிக்க எப்படியும் ஒரு மணி நேரம் ஆகிவிடும். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததில்லை, அது பாட்டுக்கு நடந்தது. ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச், அதாவது உடம்புக்குத் தைராய்டு போதவில்லை என்றால் ஏறுகிற அளவு, எப்போது பார்த்தாலும் 3-ஐத் தாண்டாது.

டப்பா வந்தது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினேன். மருந்துச் சீட்டில் தைராய்டுக்கு 1-0-0, கால்சியத்துக்கும் 1-0-0, பிபிக்கான டெல்மிசார்ட்டானுக்கும் 1-0-0. மூன்றும் காலை அறைக்குள் போனது. கூடவே சர்க்கரைக்கான கிளிமிபிரைடும் மெட்பார்மினும். ஐந்து மாத்திரை ஒரே அறையில் அழகாகப் படுத்திருந்ததைப் படம் எடுத்துத் தங்கைக்கு வேறு அனுப்பினேன். "இனிமே பாட்டில் எதையும் தொடாதம்மா, இதுல இருக்கறத மட்டும் சாப்பிடு" என்றேன். அம்மாவும் சொன்ன பேச்சுக் கேட்டார். காபி முடித்து, இட்லி சாப்பிடப் போகும் முன்னால் மூடியைத் திறந்து ஐந்தையும் ஒரே வாயில்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை, டிஎஸ்ஹெச் 9.6. அம்மா ஒரே அசதி, முடி கொட்டுகிறது, கால் வீங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததை வயசு என்று தள்ளிவிட்டிருந்தேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், 75-ஐ 100 ஆக்கிச் சீட்டு எழுதிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, "மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாரா" என்று கேட்டார், நானும் பெருமையாக "ஒரு நாள்கூட விடலை சார், டப்பா வாங்கியிருக்கோம்" என்றேன்.

பிடித்தது மெடிக்கலில் இருக்கிற பெண்தான். எங்கள் தெருமுனைக் கடை, பார்மசி படித்த பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். சீட்டைப் பார்த்தவர், "சார், அம்மாவுக்கு ரொம்ப நாளா 75-தானே? ஏன் திடீர்னு ஏறுது? எப்படிச் சாப்பிடறாங்க?" என்றார். டப்பா கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"கால்சியத்தோட சேர்த்தா போடறாங்க?"

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். தைராய்டு மாத்திரை குடலில் உறிஞ்சப்பட்டால்தான் வேலை செய்யும். கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் அதைக் குடலுக்குள்ளேயே பிடித்துக் கட்டிவிடும், கட்டினது அப்படியே வெளியே போய்விடும். இடையில் நான்கு மணி நேரமாவது வேண்டும். காபியும் உறிஞ்சுவதைக் குறைக்கும், அதனால் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, பலகாரம் எல்லாம். ஆக அம்மா மூன்று மாதமாக 75 மைக்ரோகிராம் விழுங்கினாரே தவிர, உடம்புக்குள் போனது எவ்வளவோ. இந்த நிலைமையில் 100-ஐ வாங்கிக்கொண்டு போய், பிறகு ஒரு நாள் நானாகவே இடைவெளியைச் சரிசெய்திருந்தால் மருந்து மிஞ்சிப்போய்ப் படபடப்பு வந்திருக்கும். "100 கொடுக்கறேன், ஆனா டாக்டர்கிட்ட இதைச் சொல்லிட்டு வாங்க" என்றார். போனேன். டாக்டர் 75-லேயே விட்டார், நேரத்தை மட்டும் மாற்றி, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்தோம், 3.1.

கோலம் போடுகிற நேரம்தான் மருந்தின் பாதி. அதை நான் 389 ரூபாய் கொடுத்து எடுத்துவிட்டிருந்தேன்.

டப்பாவின் முதல் குறை இதுதான். அதற்குக் காலை என்றால் ஒரே காலை. நம் மெடிக்கலில் கொடுக்கிற சின்னக் காகிதக் கவரில்கூட சாப்பாட்டுக்கு முன், பின் என்று டிக் அடிக்க இடம் இருக்கும். இதில் அது இல்லை. கிளிமிபிரைடு சாப்பாட்டோடு ஒட்டிப் போக வேண்டிய மாத்திரை. அதைப் போட்டுவிட்டு போன் பேசிக்கொண்டு நின்றால் சர்க்கரை சரிந்துவிடும். கார்பனேட் வகைக் கால்சியம் சாப்பாட்டோடு போனால்தான் நன்றாகச் சேரும். நான்கு அறை போதாது என்று நான் சொல்லவில்லை, ஆறு அறை டப்பாவும் விற்கிறான், அதிலும் இந்தக் குறை இருக்கும்.

அந்தப் பெண் அன்றைக்குச் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு எல்லாவற்றையும் விளங்க வைத்தது. "சார், சில மருந்து வயித்துக்குள்ள சண்டை போடும், சிலது ரத்தத்துக்குப் போன பிறகு சண்டை போடும். முதல் வகைக்கு இடைவெளி விட்டாப் போதும். ரெண்டாவது வகைக்கு நீங்க எந்த அறையில போட்டாலும் ஒண்ணுதான்."

முதல் வகைக்கு அம்மாவின் கதையைச் சொல்லியாயிற்று. அதே வகையில் இன்னும் உண்டு, சிப்ரோபிளாக்ஸசின், டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாட்டிக்கைப் பாலோடும், கால்சியத்தோடும், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசில் மாதிரி மருந்தோடும் சேர்த்தால் அதே கதை. நாம் என்ன செய்வோம், ஆன்டிபயாட்டிக் வயிற்றைப் புண்ணாக்கும் என்று ஒரு டம்ளர் பாலோடுதான் கொடுப்போம். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குகிறவர்கள் எங்கள் ஆபீசிலேயே மூன்று பேர், அதற்கு எலுமிச்சைச் சாறுதான் பொருத்தம், டீ நேர் எதிரி.

இரண்டாவது வகை என்றால் அப்பா.

அப்பாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு மாற்றி ஏழு வருஷம் ஆகிறது. உலோக வால்வு, அதில் ரத்தம் உறையாமல் இருக்க அசினோகூமரால் என்கிற மாத்திரை ஆயுசுக்கும். மாதம் ஒரு தடவை ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுகிற பரிசோதனை, பார்க்க வேண்டும், அவருக்கு டாக்டர் சொன்ன எல்லை 2.5 முதல் 3.5. குறைந்தால் வால்வில் ரத்தக் கட்டி, கூடினால் ரத்தக் கசிவு. கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி. டோஸும் ஒரே சீராக இருக்காது, ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3, மறுபடி 2. இங்கே டப்பாவைப் பாராட்டியே ஆக வேண்டும். முன்பெல்லாம் "நேத்து ரெண்டா, மூணா" என்று தினமும் ராத்திரி ஒரு பஞ்சாயத்து நடக்கும், அது அறவே நின்றுவிட்டது. போட்டாரா இல்லையா என்பதும் மூடியைத் திறந்தால் தெரிந்துவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே இரண்டு நட்சத்திரம் கொடுக்கலாம். ஒரே ஒரு தொல்லை, புதன்கிழமை ஐஎன்ஆர் ரிப்போர்ட் வந்து டாக்டர் டோஸை மாற்றினால், நிரப்பி வைத்த வியாழன் முதல் சனி வரை கொட்டித் திருப்பி நிரப்ப வேண்டும். ஒரு தடவை மறந்துவிட்டு இரண்டு நாள் பழைய டோஸே போனது.

ஆனால் இந்த மாத்திரை சண்டை போடுகிற இடங்கள் டப்பாவுக்கு வெளியே இருக்கின்றன. ரத்தம் உறைவதற்கான சில பொருட்களைச் செய்யக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும், அந்த வேலையில்தான் இந்த மாத்திரை கை வைக்கிறது. வைட்டமின் கே எங்கே நிறைய இருக்கிறது? கீரையில். போன ஆடி மாதம் சித்தப்பா ஊரிலிருந்து வரும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்தார், கட்டு என்றால் நம் மார்க்கெட் கட்டு இல்லை, ஒரு கிளையையே ஒடித்துக்கொண்டு வந்திருந்தார். நாலு நாள் பொரியல், அடை, கீரைக் கூட்டு, சூப்பு. அடுத்த ஐஎன்ஆர் 1.7. பயந்துபோய் இனிமேல் கீரையே கிடையாது என்று அம்மா சட்டம் போட்டார். அதுவும் தப்பாம். இதய டாக்டர் சொன்னது: கீரையை நிறுத்தாதீர்கள், ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள், வாரம் இரண்டு நாள் ஒரு கரண்டி என்றால் எல்லா வாரமும் அதேதான், அதற்கேற்ற மாதிரி நான் மாத்திரையை வைத்துக்கொள்கிறேன். காலையில் கீரை, ராத்திரி மாத்திரை என்று பிரித்தால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். ஆகாது, இது வயிற்றுக்குள் நடக்கிற சண்டை இல்லை.

இந்த மாத்திரையின் அண்ணன் வார்ஃபரின் பிறந்த கதை தெரியுமா? 1920களில் அமெரிக்கா, கனடா பக்கம் கெட்டுப்போன ஒருவகைத் தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. அந்தத் தீவனத்தில் இருந்த பொருளைத் தேடிப்போய், அதன் வழியில் முதலில் எலி மருந்து வந்தது, பிறகு 1954ல் மனிதர்களுக்கான மருந்தானது. அப்பாவிடம் இதைச் சொன்னேன், ஒரு வாரம் "எலி மருந்து கொண்டா" என்றுதான் கேட்டார்.

கீரையாவது பரவாயில்லை, மெதுவாக நடக்கும். பல்வலிதான் பயமுறுத்தியது. கடைவாய்ப்பல் வீங்கி, அப்பா என்னிடம் சொல்லாமல் ஒரு பல் கிளினிக் போய்விட்டு வந்தார். சீட்டில் ஆன்டிபயாட்டிக்காக மெட்ரோனிடசோல், வலிக்கு டைக்ளோபெனாக். இரத்தம் மெலியும் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அதே மெடிக்கல் பெண்தான் மறுபடியும், "அப்பா அசினோகூமரால் போடறாரே, இதைக் கொடுக்க மாட்டேன், நீங்க முதல்ல ஹார்ட் டாக்டருக்குப் போன் போடுங்க" என்று கவுன்ட்டரிலேயே நிறுத்திவிட்டார். மெட்ரோனிடசோல், அசினோகூமராலைக் கல்லீரல் கரைத்து அனுப்புவதைத் தடுக்கும், அதனால் அது உடம்பில் தேங்கி ஐஎன்ஆர் எகிறும். டைக்ளோபெனாக் இன்னொரு பக்கம் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசியவும் வழி செய்யும். இரண்டும் சேர்ந்து, அதுவும் பல் பிடுங்கப் போகிற நேரத்தில். டாக்டர் வேறு ஆன்டிபயாட்டிக்கும், வலிக்கு அளவோடு பாராசிட்டமாலும் சொல்லி, மூன்றாம் நாளே ஐஎன்ஆர் பார்க்க வைத்தார். மூன்று நாள் மட்டும் போடுகிற மாத்திரைக்கு யார் டப்பாவில் அறை ஒதுக்குவார்கள்? நாங்கள் பார்த்தவரை விபரீதம் எல்லாம் இப்படி இடையில் வந்துபோகிற மாத்திரையில்தான். ஜலதோஷ மாத்திரையும் அப்படியே. அதில் பெரும்பாலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், காய்ச்சலுக்குத் தனியாக இன்னொரு பாராசிட்டமால் போட்டால் கணக்கு இரட்டிப்பு, மூக்கடைப்புக்குக் கலக்கிற பினைல்எப்ரின் பிபியையும் ஏற்றும்.

சமையலறையும் டப்பாவுக்கு வெளியேதான். பிபி இருக்கிறதே என்று தங்கை பாசமாகச் சோடியம் குறைந்த உப்பு வாங்கிக் கொடுத்தாள். அதில் சோடியத்துக்குப் பதில் போட்டிருப்பது பொட்டாசியம் குளோரைடு. அம்மாவின் டெல்மிசார்ட்டானும் உடம்பில் பொட்டாசியத்தைக் கூட்டுகிற வகை, சர்க்கரையால் சிறுநீரகமும் முன்னே மாதிரி இல்லை. வெயில் காலத்தில் தினம் ஒரு இளநீர் வேறு. பொட்டாசியம் 5.6 வந்தபோதுதான் உப்பு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தோம், அங்கே சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்டுப் பயன்படுத்தவும் என்று பொடி எழுத்தில் இருந்தது. அம்மா நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சிறுகுறிஞ்சான் பொடியை மறைத்து வைத்திருந்தது இன்னொரு நாள் தெரியவந்தது. சர்க்கரை மாத்திரையோடு அதுவும் சேர்ந்து இறக்கும், மத்தியானம் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. தொண்டைக்கு அதிமதுரம் அடிக்கடி மெல்லுகிறவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள், தொடர்ந்து மென்றால் பிபியை ஏற்றும்.

இடைவெளி விட்டும் பயனில்லாததற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பழம்தான். கனடாவில் டேவிட் பெய்லி என்பவரின் குழு, பெலோடிபைன் என்ற பிபி மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தது. மதுவின் ருசி தெரியக்கூடாது என்று கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். குற்றவாளி மது இல்லை, சாறு. 1989ல் இதை வெளியிட்டார்கள். குடல் சுவரில் மருந்தின் ஒரு பகுதியைச் சிதைக்கிற என்சைமை அந்தப் பழம் முடக்கிவிடும், திரும்ப உண்டாக ஒன்றிரண்டு நாளாவது ஆகும். காலையில் பழம், ராத்திரி மாத்திரை என்றாலும் தப்ப முடியாது. கிரேப்ஃப்ரூட் நம்மூரில் யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்கலாம். அதன் நெருங்கிய சொந்தம்தான் பம்பளிமாஸ், அதிலும் இந்தச் சமாச்சாரம் உண்டு. கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் போடுகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அப்பா போடுவது அட்டோர்வாஸ்டாட்டின், அதற்கு அந்த அளவு இல்லை என்றாலும் பம்பளிமாஸை எங்கள் வீட்டில் பேரனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்.

டப்பாவின் இரண்டாவது குறையைச் சொல்ல மறந்தேன். அட்டையிலிருந்து பிய்த்துப் போட்டதும் மாத்திரைக்குப் பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை, டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது என்கிற சிவப்புக் கோடும் இல்லை. அப்பாவின் டப்பாவில் இரண்டு சின்ன வெள்ளை மாத்திரைகள் எது எதுவென்று எனக்கே தெரியாது. பல் கிளினிக்கில் டப்பாவைக் காட்டியிருந்தாலும் அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. இப்போது எல்லா மருந்தின் பெயரையும், உப்பு, பொடி, லேகியம் உட்பட, ஒரு காகிதத்தில் எழுதி டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கிறேன். அப்புறம் எல்லா மாத்திரையையும் இப்படிப் பிரித்துவைக்கவும் கூடாது. தைராய்டு மாத்திரைக்கு வெளிச்சமும் ஈரமும் ஆகாது, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கிற டாபிகாட்ரான் கேப்ஸ்யூல் அது வந்த அட்டையிலேயே இருக்க வேண்டும், வலிப்புக்கான வால்ப்ரோயேட் மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். எங்கள் திருச்சி வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் வேறு கதை. இதில் ஒன்றைப் பற்றிக்கூட டப்பாவோடு வந்த தாளில் ஒரு வரி இல்லை.

மருந்துகள் ஒன்றோடொன்று சேருமா என்று சொல்கிற ஒரு போன் செயலியும் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் ஆறு மருந்தைக் கொடுத்ததும் பதினோரு எச்சரிக்கை, எல்லாம் ஒரே சிவப்பு. எது தலைபோகிற விஷயம், எது வெறுமனே தெரிந்துகொள்ள வேண்டியது என்று பிரிக்கத் தெரியவில்லை. அழித்துவிட்டேன். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று "எப்படிச் சாப்பிடறாங்க?" என்று கேட்ட பெண்ணுக்கு ஐந்து நட்சத்திரம், அந்தக் கடையில் தள்ளுபடி ஐந்து சதவீதம்தான், ஆன்லைனில் இருபது கிடைக்கிறது, ஆனாலும் நான் அங்கேதான் வாங்குகிறேன்.

வாங்கலாமா என்றால், அப்பா மாதிரி நாளுக்கு நாள் டோஸ் மாறுகிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நிரப்புவதற்கு முன் முழுச் சீட்டையும் மெடிக்கலில் காட்டி எது எதோடு சேரக் கூடாது என்று கேட்டு எழுதிக்கொண்டு நிரப்புங்கள். இரவு அறையைப் பெரிதாகச் செய்திருக்கலாம், ஒமேகா கேப்ஸ்யூல் உள்ளே போகாது.

அம்மாவின் தைராய்டு பாட்டில் பழையபடி கோலப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கால்சியம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத் தைராய்டு மாத்திரை போடுவதும் ஒரு வழி என்று டாக்டர் சொன்னார், அம்மா சீரியல் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறவர், சரிப்படவில்லை. ஆனால் பாட்டில் என்றால் போட்டோமா இல்லையா என்ற பழைய சந்தேகம் திரும்ப வந்துவிட்டது. அதற்கு அவரே வழி கண்டுபிடித்தார். நீல டப்பாவில் படுக்கும் நேரத்துக்கான கடைசி அறை அவருக்குக் காலிதான், ஏழு நாளுக்கும் ஏழு புளியங்கொட்டை போட்டு வைத்திருக்கிறார். விடியற்காலை மாத்திரையை விழுங்கியதும் அன்றைய கொட்டையை எடுத்துக் கோலப்பொடி டப்பாவுக்குள் போட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை நான் டப்பா நிரப்பும்போது ஏழையும் பொறுக்கி, மாவைத் துடைத்து, மறுபடி அறையில் போட வேண்டும்.